ஷீட் ரப்பரும் ராகு காலமும்

பெட்ரோல் வாசனை எனக்குப் பிடிக்கும் என்றால் என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். போன சனிக்கிழமை கேகாலையில், ரெஜினா வீட்டுப் பின்பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது அந்த வாசனைக்காக மூக்கு தானாக நீண்டது. கிடைத்தது பிளாஸ்டிக் நாற்றம்தான். உள்ளே பளபளவென்று இரண்டு கார்புரேட்டர்கள். என் நண்பன் பெனடிக்கின் பழைய பைக்குக்காக அவன் மகள் இணையத்தில் தேடி வரவழைத்தவை. பெனடிக் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. "ஒரு தடவ அந்தச் சத்தத்தக் கேக்கணும்ணே" என்று அவன் மனைவி ரெஜினா கூப்பிட்டிருந்தாள். போகாமல் இருக்க முடியுமா?

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான். இந்த பைக்குக்கு இரண்டு சிலிண்டர், அதனால் இரண்டு கார்புரேட்டர். இரட்டைப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவது போலத்தான். ஒன்றுக்கு ஒரு வாய் கூடிப்போனால் மற்றது வீட்டை இரண்டாக்கிவிடும்.

எங்கள் இளவயதில் நானும் பெனடிக்கும் கரவனெல்லப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஃபேக்டரியில் கிளாக்கர்கள், கணக்கெழுதுகிற வேலை. புகைவீட்டில் ஷீட் காய்கிற வாசனை எங்கள் சட்டையை விட்டுப் போகவே போகாது, ஞாயிறு பூசையில் பக்கத்தில் உட்காருபவர்கள் கொஞ்சம் தள்ளியே உட்காருவார்கள். ஓய்வு பெற்றுப்போன பெரிய கிளாக்கர் கொண்டுபோகச் சோம்பல்பட்டு விட்டுப்போனதுதான் அந்த பைக். அதைச் சரிக்கட்ட எங்களிடம் கருவி எதுவும் கிடையாது. ஆளுக்கொரு ரப்பர் குழாய் இருந்தது. ஒரு முனை கார்புரேட்டர் வாயில், மறுமுனை காதில். இடது பக்கம் எனக்கு, வலது பக்கம் அவனுக்கு. இரண்டு பக்கமும் காற்று ஒரே மாதிரி சீற வேண்டும். எனக்கு எப்போதும் அவன் பக்கம் கம்மியாகக் கேட்கும். அவன் ஒத்துக்கொள்ளவே மாட்டான். "ஒன் பக்கந்தான் கூட மச்சான்" என்பான். இந்தச் சண்டையிலேயே ஒரு போத்தல் பெட்ரோல் எரிந்துபோகும்.

பழைய கார்புரேட்டர்கள் ஒரேயடியாகக் கைவிட்டபோது அவன் கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய் ஒரு ஜோடி வாங்கி வந்தான். அவை வேறு ஏதோ பைக்குக்குப் பிறந்தவை. எஞ்சின் வாய்க்கும் இவற்றுக்கும் நடுவில் விரல் போகிற இடைவெளி. அடுத்த ஞாயிறு அரநாயக்கவில் அவனுக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும், அதுவும் இந்த பைக்கில்தான் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். "ஒலகத்துக்கே ரப்பர் குடுக்குறோம், நமக்கு ரெண்டு வளையம் இல்லாமயா போச்சு?" என்று ஃபேக்டரி ஷீட்டை வெட்டி, சுருட்டி, இடைவெளியில் வைத்துக் கம்பியால் இறுக்கினான். நானும் ஆமாம் போட்டேன். பதப்படுத்தாத ரப்பர் பெட்ரோல் பட்டால் ஊறிக் கரையும் என்பது ரப்பரிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

பெண்ணின் அப்பா ரிட்டையரான கணக்கப்பிள்ளை. மாதா கோயிலில் முதல் வரிசையில் நின்று பாடுகிறவர். ஆனால் ராகு காலம் பார்க்காமல் பல்கூடத் தேய்க்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் தொடங்கும், அதற்குள் வாசற்படி தாண்டிவிட வேண்டும் என்று தரகர் மூலம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நேரம் தப்பிய ஒரு மாப்பிள்ளையை அவர் ஏற்கெனவே திருப்பி அனுப்பியவர். பெனடிக்கோ ரெஜினாவைத் திருவிழாவில் ஒரு தரம் பார்த்துவிட்டு, இந்தப் பெண் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று திரிந்துகொண்டிருந்தான்.

அந்த ஞாயிறு, அரநாயக்க ஏற்றம் தொடங்கியதும் பைக் இருமியது. பிறகு அழுதது. பிறகு படுத்துவிட்டது. எங்கள் வளையங்கள் ஊறிப் பெருத்து, எஞ்சினுக்குள்ளேயே நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன. பெனடிக் பிடித்து இழுக்க, ரப்பர் முழங்கை வரை ஒட்டிக்கொண்டு வந்தது. தள்ளிக்கொண்டே போய் ஒரு சைக்கிள் கடையைப் பிடித்தோம். கடைக்காரர் அதை நசுக்கிப் பார்த்தார். "மேக்க ரபர் நெமெய் மல்லி, சுவிங்கம்" என்றார் சிங்களத்தில். இது ரப்பரே இல்லை தம்பி, சூயிங்கம் என்று ரப்பர் தோட்டத்துக்காரர்களைப் பார்த்துச் சொன்னார். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி அவரே சுற்றிக் கட்டிவிட்டார்.

போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி அடிக்கப் போகிறது. கணக்கப்பிள்ளை கையில் கடிகாரத்தோடு வாசலில் நின்றார். பெனடிக்கின் முகம் செத்துப்போயிருந்தது. 'நாம் வேதக்காரர்கள்தானே, மாதா பார்த்துக்கொள்ள மாட்டாளா' என்று நான் மெல்ல இழுத்துப் பார்த்தேன்.

"மாதா ஒண்ணும் சொல்ல மாட்டா தம்பி, நல்லவ. ராகு அப்பிடியில்ல" என்றார். எங்கள் இருவரையும், அந்த ரப்பர் அப்பிய கையையும் பார்த்து என்ன நினைத்தாரோ, திருப்பி அனுப்பவில்லை. ஆறு மணி வரைக்கும் வெளியிலேயே நிற்கும்படி சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பலாமரத்தடியில் நின்றோம். வந்தவர்களுக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்காவிட்டால் குடும்பத்துக்கு அவமானம், கொடுத்தால் ராகு. கடைசியில் ரெஜினாவின் அம்மாதான் தீர்ப்புச் சொன்னார்: குசினிப் பக்கம், அடுப்படி வழியாகக் கொடுத்தால் கணக்கில் வராது. அந்தக் கணக்கில் வராத பிளேன்டீயைக் கொண்டு வந்தது ரெஜினா. பெனடிக்கால் கிளாஸை வாங்க முடியவில்லை, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அவள் சிரித்துவிட்டு உள்ளே போய் மண்ணெண்ணெயும் பழந்துணியும் கொண்டு வந்தாள். என்ன கோளாறு என்று கேட்டாள். என்னிடம் சண்டைக்கு மட்டுமே வாயைத் திறக்கிறவன் அவளிடம் கார்புரேட்டரைப் பற்றி ஒரு பிரசங்கமே வைத்தான். எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, அவன் குழாயை அவள் காதுக்குக் கொடுத்தான். கோயில் பாடகர் குழுவில் பாடுகிற காது அது. நான் மறுபக்கம் வாயை மூடிக்கொண்டு ஸ்க்ரூவைத் திருகினேன். முதல் தடவையாக அந்த பைக் சண்டையில்லாமல் ஒரே சுதியில் ஓடியது.

ஆறு மணிக்குக் கதவு திறந்தது. ரெஜினா புதுச் சேலையில், யாரையும் பார்த்தறியாதவள் போலத் தலையைக் குனிந்துகொண்டு தட்டோடு வந்தாள். அவள் மேல் லேசாக மண்ணெண்ணெய் மணந்தது. கணக்கப்பிள்ளை மூக்கை உறிஞ்சினார், பிறகு தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

அந்த ஃபேக்டரி இப்போது இல்லை. புகைவீட்டில் யாரோ கோழி வளர்க்கிறார்கள். புதுக் கார்புரேட்டர்களோடு அச்சுக் கணக்காய்ப் பொருந்துகிற வளையங்களும் பெட்டியிலேயே வந்துவிட்டன, நானும் மாட்டி முடித்துவிட்டேன். இரண்டாம் உதைக்கே எஞ்சின் பிடித்துக்கொண்டது. ரெஜினா அந்தப் பழைய குழாயை எங்கிருந்தோ எடுத்து வந்து வலது பக்கம் உட்கார்ந்து காதில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடியபடி கொஞ்ச நேரம் கேட்டாள்.

"அவரு பக்கம் கம்மியா இருக்குண்ணே" என்றாள்.

வாழ்நாளெல்லாம் நான் சொன்னது அதுதான். இப்போது மறுத்துப் பேச அவன் இல்லை.

"இல்ல ரெஜினா, என் பக்கந்தான் கூட" என்று சொல்லி, என் பக்கத்து ஸ்க்ரூவைக் குறைத்தேன்.