செம்பட்டி வழியாகச் சின்னாளபட்டி

மண்டப வாசலில் நின்றவர்கள்: கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மேரி. அரசு பஸ் கண்டக்டர் தங்கவேல், லீவு போட்டு வந்திருந்தார். பந்தலும் மைக் செட்டும் வாடகைக்கு விடும் சிக்கந்தர் பாய். விஜயா டீச்சர். வண்டிக்குள் நாங்கள் இரண்டு பேர். பின் சீட்டில் கதை சொல்லும் அம்மா, வயது எழுபத்து நாலு. ஸ்டியரிங்கில் வாடகைக் கார் டிரைவர் நான்.

மார்கழி மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டே முக்கால். மதுரை அண்ணா நகரில் ஏழு மணிக்கு வண்டியை எடுத்தேன். கொடைரோட்டில் ஒரு டீ, பன்னிரண்டு ரூபாய். அம்மா குடிக்கவில்லை. கதை சொல்லுகிற நாளில் சுடுதண்ணீர் மட்டும்தானாம். திண்டுக்கல் ஊருக்குள் புகுந்து வெளியே வந்து, தாடிக்கொம்பு ரோட்டில் நாலாவது கிலோமீட்டரில் அந்தக் கல்யாண மண்டபம். மொத்தம் அறுபத்தொன்பது கிலோமீட்டர்.

இலக்கிய விழா என்று ஒன்றுக்கு நான் போனது இதுதான் முதல் தடவை. கட்சி மாநாட்டுக்கு வண்டி ஓட்டியிருக்கிறேன். அங்கே நடத்துகிறவர்களின் படம் ரோடு முழுக்க நிற்கும். இங்கே ஒரே ஒரு பேனர். பேச வருகிறவர்கள் பெயர் மட்டும் இருந்தது. நடத்துகிற இந்த நாலு பேர் பெயர் இல்லை. ஏன் என்று பாயிடம் கேட்டேன்.

"எங்க பேரப் போட்டா, நன்கொடை குடுத்தவுக அம்புட்டுப் பேரையும் போடணும். அப்பறம் எழுத்தாளர் பேருக்கு எங்கண்ணே இடம்?"

மார்கழியில் ஏன் வைக்கிறார்கள் என்பதற்குத் தங்கவேல் பதில் சொன்னார். "மார்கழியில முகூர்த்தம் கெடையாது. மண்டபம் பாதி வாடகைக்கு வரும். எங்களுக்கு இலக்கியம் மார்கழியிலதான் வளரும்."

ஒன்பதரைக்குச் சாப்பிட உட்கார்ந்தேன். பொங்கல், கத்தரிக்காய் கொத்சு. மேரிதான் பரிமாறினார். டீச்சர் மேடையைப் பார்க்கிறார், பாய் மைக்கை, தங்கவேல் வாசலை. மிச்சம் எல்லாம் மேரி. தண்ணீர், கக்கூஸ், வந்தவர்களுக்குத் தலைவலி மாத்திரை, தொலைந்த செருப்பு. மூன்று வருஷமாகக் கடிதம் போட்டு இந்த அம்மாவை வரவைத்ததும் அவர்தான்.

"சந்தைக்கு எருமை ஓட்டிட்டுப் போற பொம்பள கதை அண்ணே. புஸ்தகத்துல நாலஞ்சு தடவ படிச்சுட்டேன். அம்மா வாயால சொல்றப்ப வேற மாதிரி இருக்குமாம். எருமையும் பேசுமாம்ல."

பிறகு கரண்டியோடு திரும்பி மற்ற மூன்று பேரிடமும் சொன்னார்.

"இந்தா பாருங்க, சொல்லிப்புட்டேன். இத்தன வருசத்துல ஒரு பேச்சு நான் முழுசாக் கேட்டதில்ல. இன்னைக்கு அம்மா கதை சொல்லையில நாற்காலியில உக்காருவேன். மண்டபமே இடிஞ்சாலும் எந்திரிக்க மாட்டேன்."

"இடிஞ்சா எல்லாருந்தான் எந்திரிப்போம்" என்றார் பாய்.

"நீ உக்காரு தாயி. நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றார் தங்கவேல். டீச்சரும் தலையாட்டினார்.

பதினொன்றே கால். அம்மா ஆரம்பித்துவிட்டார். நான் வெளியே வேப்ப மரத்தடியில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தென்கிழக்கே சிறுமலை புகை மாதிரித் தெரிந்தது. வாசலில் ஆள் இல்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்து நிமிஷத்தில் தண்ணி லாரி வந்தது. லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"யாருய்யா இங்க? தொட்டி எங்கன இருக்கு? செத்த நேரந்தான் நிப்பேன். அடுத்த லோடு கெடக்கு."

எனக்குத் தெரியாது என்றேன். தங்கவேலைக் கூப்பிடலாம் என்று அரங்கத்துக் கதவுக்குப் போனேன். தங்கவேல் உள்ளே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் மேடைப் படியில். பாய் மைக் பெட்டி மேல், வாய் பிளந்தபடி. நாலு பேரும் உள்ளே இருந்தார்கள். மேரி கடைசி வரிசையில், சுவர் ஓரம், பையை மடியில் வைத்துக்கொண்டு.

தங்கவேலுக்குக் கை காட்டினேன். அவர் திரும்பவில்லை. இரண்டாவது ஹாரன் கேட்டது. முந்நூறு பேரில் ஒரு தலைதான் திரும்பியது. மேரி என்னைப் பார்த்தார். எழுந்தார்.

தொட்டி மூடியின் சாவி அவர் பையில் இருந்தது. லாரிக் குழாய் எட்டவில்லை. சமையல்காரர் பின்னால் நின்று கத்தினார்: "யக்கா, கொழம்பு வெஞ்சனம் ஆயிருச்சு, அரிசி களையச் சொட்டுத் தண்ணி இல்ல!" முதலில் குடம் குடமாக அடுப்படிக்கு. பிறகு குழாயை இழுத்துக் கட்டித் தொட்டிக்கு. நானும் நாலு குடம் தூக்கினேன். நடுவில் ஒரு தடவை உள்ளே எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். மேரி குழாயைப் பிடித்தபடி அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு குழாயைப் பார்த்தார். லாரி போனபோது உள்ளே கை தட்டினார்கள்.

மூன்று பேரும் வெளியே வந்தார்கள். மேரியின் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"ஏய்யா கண்டக்டரே, நீயா உள்ள இருந்த?" என்றார் பாய்.

"நீ பாப்பேன்னு நெனச்சேன்."

"நான் மைக்க விட்டு எப்பிடிய்யா வர்றது? டீச்சர் பாப்பாகன்னு இருந்தேன்."

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரி விடுங்க, பந்தியப் போடுங்க" என்றார் மேரி. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் ஐந்து மணி. சின்னாளபட்டி மதுரை போகிற வழியில்தான் இருக்கிறது, மேரியை இறக்கிவிட முடியுமா என்று டீச்சர் கேட்டார். அம்மா சரி என்றார். மேரி வேலை கிடக்கிறது என்றார்.

"நாற்காலி அடுக்குறத நாங்க பாத்துக்கிறோம். நெசமா" என்றார் தங்கவேல்.

"காலையிலயும் இதத்தான் சொன்னீக."

மூன்று பேரும் சேர்ந்து கதவைத் திறந்து முன் சீட்டில் ஏற்றிவிட்டார்கள்.

ஊருக்குள் நெரிசல். பஸ் ஸ்டாண்டு தாண்டும்போது அம்மா பின்னாலிருந்து கேட்டார். "ஏம்மா, கதை நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சும்மா" என்றார் மேரி.

எனக்கு அடுத்தவர் பேச்சில் புகும் பழக்கம் இல்லை. ஆனால் சொன்னேன். "அவங்க கேக்கலைம்மா. தண்ணி லாரிகிட்ட நின்னாங்க."

"அண்ணே!"

பிறகு அம்மா, "உங்க ஊரு எம்புட்டுத் தூரம்?" என்றார்.

"கிட்டத்துலதாம்மா. இன்னும் இருபது நிமிசம்."

"பத்தாதே" என்றார் அம்மா. "எருமை சந்தைக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். அதுக்கு அவசரம் கெடையாது."

மேரி சிரித்தார். "நீங்க அசதியா இருப்பீக. தூங்குங்கம்மா."

பேகம்பூர் ரவுண்டானா வந்தது. இடது பக்கம் மதுரை ரோடு. வலது பக்கம் வத்தலக்குண்டு ரோடு. நான் வலது பக்கம் திருப்பினேன்.

"அண்ணே, இது செம்பட்டி சுத்திப் போற ரோடு."

"ஆமாம்மா."

அவர் என்னைப் பார்த்தார். கைப்பையை எடுத்துக் கால் பக்கம் வைத்தார். உடம்பைத் திருப்பிப் பின் சீட்டைப் பார்த்து உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

அந்த ரோட்டில் பழனிக்கு நடப்பவர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நாற்பதுக்கு மேல் போகவில்லை. ஹாரனும் அடிக்கவில்லை. இரண்டு பக்கமும் தென்னை, அப்புறம் மல்லிகைத் தோட்டம், அப்புறம் மில் சுவர். செம்பட்டியில் இடது பக்கம் திரும்பும்போது இருட்டிவிட்டது. கதையை இங்கே எழுத மாட்டேன். அது அந்த அம்மாவுடையது. எருமை பேசியது என்பதை மட்டும் சொல்கிறேன். எருமைக் குரல் வந்தபோது மேரி வாயைப் பொத்திக்கொண்டார்.

சின்னாளபட்டி கடைத்தெருவில் வண்டியை நிறுத்திய பிறகும் கதை கொஞ்சம் மிச்சம் இருந்தது. எஞ்சினை அணைத்தேன். முடிந்ததும் மேரி கை தட்டவில்லை. இறங்கிப் பின் கதவைத் திறந்து, அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். என்னிடம், "வாரேண்ணே" என்றார். அவ்வளவுதான்.

அம்மா உடனே தூங்கிவிட்டார். எங்கள் தெருவில் பங்குனித் திருவிழாக் கமிட்டியில் நானும் இருக்கிறேன். சாமி புறப்படுவதை நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்பேன். என்னைப் போல இன்னும் ஆறேழு பேர். பார்த்தாயா என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. நாங்களும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. கொடைரோடு வரும் வரை அதை யோசித்துக்கொண்டு வந்தேன்.

அங்கே நிறுத்தி, சின்னாளபட்டியில் பார்த்த மீட்டரை டிரிப் கணக்கில் குறித்துக்கொண்டேன். மண்டபத்திலிருந்து சின்னாளபட்டி, நேர் ரோட்டில் பதினைந்து கிலோமீட்டர். நான் வந்தது முப்பத்தொன்று.