ஆடி போகட்டும் என்றார்கள்

எங்கள் ஊர் தொடக்கப் பள்ளியில் இரண்டே டீச்சர்கள். தலைமையாசிரியையைப் பெரிய டீச்சர் என்போம், மற்றவரைச் சின்ன டீச்சர். என் மகள் சின்ன டீச்சரிடம் இரண்டாம் வகுப்பு படித்தாள். நாற்பதை நெருங்கும்போது எனக்குப் பிறந்தவள். பேச்சு திக்கும். வீட்டுக்கு வெளியே அவள் வாய் திறந்தது சின்ன டீச்சரிடம் மட்டும்தான்.

குன்னத்திலிருந்து தனியார் பள்ளி வேன்கள் எங்கள் தெருவரை வருகின்றன. பணம் கட்ட முடிந்தவர்கள் பிள்ளைகளை அதில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் பள்ளியில் மிஞ்சியது வெங்காயக் காட்டுக்கும் பருத்திக் காட்டுக்கும் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், கல்குவாரி வேலைக்கு வடக்கிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், பிறகு என் மகள்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ, அதை வைத்துத்தான் இரண்டாவது டீச்சர் இங்கே இருப்பாரா என்பது முடிவாகும். இதைப் பெரிய டீச்சர்தான் என்னிடம் சொன்னார். வேண்டிய கணக்குக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் குறைந்தார்கள். பள்ளியில் சேர்க்கிற வயதுப் பிள்ளைகள் ஊரில் இல்லாமல் இல்லை. வேனா, நம் பள்ளிக்கூடமா என்று ஆனி முழுவதும் யோசித்து, இங்கேயே சேர்க்கலாம் என்று அந்த வீடுகளில் முடிவெடுத்தபோது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எங்கள் பக்கம் எதையும் புதிதாகத் தொடங்கமாட்டார்கள்.

பெரிய டீச்சரோடு நானும் வீடு வீடாகப் போனேன். அதில் ஒன்று என் கொழுந்தன் வீடு.

"சேக்க மாட்டேன்னு சொல்லலைங்க டீச்சர். ஆடி போகட்டும்" என்றாள் என் ஓரகத்தி.

"ஆடித் தள்ளுபடின்னு பெரம்பலூர் போயி சேலை மட்டும் எடுத்துட்டு வந்தே?" என்றேன்.

"அது கட்டிக் கிழிக்கிற சேல. இது புள்ள படிப்பு. நீ காலேஜு போனவக்கா, ஒனக்கு எந்த தோஷமும் ஒட்டாது."

பெரிய டீச்சர் சிரித்துவிட்டார். "பேர மட்டும் இப்பக் குடும்மா. புள்ளைய ஆவணியில அனுப்பு."

"பேரு எழுதுறதுதானே டீச்சர் ஆரம்பமே?"

அடுத்த வீட்டுக்கு நடந்தோம்.

குவாரிக்குப் புதிதாக வந்த ஒரு தாய் மட்டும் அந்த வாரம் தன் பெண்ணைக் கையோடு கூட்டிவந்து சேர்த்தாள். எங்கள் ஆடி அவளுக்குத் தெரியாது. அப்படியும் போதவில்லை.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் எல்லோரும் வந்தார்கள். புதுச்சட்டை, தட்டில் வெற்றிலை பாக்கு, கற்கண்டு. ஓரகத்தி மகன் சின்ன டீச்சர் மடியில் உட்கார்ந்து பச்சரிசியில் 'அ' எழுதினான். பள்ளியில் இப்போது வேண்டிய அளவு பிள்ளைகள் இருந்தார்கள். கணக்கெடுப்புதான் முடிந்திருந்தது. சில வாரங்களில் சின்ன டீச்சரை வேப்பந்தட்டைப் பக்கம் மாற்றி உத்தரவு வந்தது.

இப்போது ஐந்து வகுப்பும் ஒரே அறையில். அதைப் பார்த்துவிட்டு ஓரகத்தியும் மகனை வேனில் ஏற்றிவிட்டாள். "ஒத்த டீச்சர் எத்தன புள்ளையத்தான் பாப்பாங்க, நீயே சொல்லுக்கா" என்றாள். அவள் மேல் கோபப்படவும் முடியவில்லை.

என் மகள் பள்ளியில் பேசுவதில்லை. வருகைக்குப் பேர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குகிறாளாம். வேன் பள்ளியில் தமிழே பேசக்கூடாது என்பார்கள், அங்கே இவள் என்ன செய்வாள்? இவளையும் எடுத்துவிட்டால் அடுத்த ஆகஸ்டில் பெரிய டீச்சர் என்ன செய்வார்?

நேற்று வேன் டிரைவர் எங்கள் வாசலில் நிறுத்தி, "பாப்பாவையும் ஏத்திக்கட்டுங்களா?" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இன்றும் அதையே சொன்னேன்.