கவிழ்த்து வைத்த படம்

மேசைமேல் இருக்கும் குடும்பப் படத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, விரல்களை நெட்டி முறித்துக்கொண்டு, இவர் பொய் சொல்லத் தொடங்குகிறார். “டாக்டர் ஊர்ல இல்ல. உங்கிட்டயே கேட்டுக்கச் சொன்னாரு.” அப்படி ஒரு டாக்டரும் இல்லை, அவர் போன ஊரும் இல்லை. திரையில் இருக்கும் இயந்திரம் பணிவாக மறுக்கிறது. இவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த பொய்யைத் தட்டுகிறார். சாப்பாட்டு வேளை வந்ததும் படத்தை நிமிர்த்தி வைக்கிறார். அதில் இவருடைய மகளும் மாமியாரும் ஒரே குடைக்குள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஏன் கவிழ்க்கிறீர்கள் என்று கேட்டேன். “அதுங்க முன்னாடி எப்படிங்க பொய் சொல்றது?” என்றார்.

மருந்துக் கடைகளுக்காகச் செய்த உரையாடல் இயந்திரம் அது. எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போடுவது, எதைப் பின் போடுவது என்று யாரும் கேட்கலாம். மனிதர் போலவே பதில் சொல்லும். டாக்டர் எழுதிய அளவுக்கு மேல் போட்டுக்கொள்ளச் சொல்லக் கூடாது என்பது அதற்குச் சொல்லி வைத்திருக்கும் முதல் விதி. அந்த விதியை மீறும்படி அதை ஏமாற்றிப் பார்ப்பதும், ஏமாந்த இடத்தை அடைக்க வைப்பதும் இவர் வேலை. அலுவலகத்தில் இவருக்குப் பெயர் புளுகுராணி. அப்படி யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறார், கோபப்படுவதில்லை.

ஏமாற்றும் வழிகளுக்கு இவரே பெயர் வைத்திருக்கிறார். ‘எனக்கில்ல, என் தங்கச்சி கேக்கச் சொன்னா’ என்று நுழைவது நாத்தனார் வழி. ‘சும்மா கதைக்குத்தான்’ என்று ஆரம்பிப்பது சித்தப்பா வழி. அதிகாரி போல அதட்டுவது மாப்பிள்ளை முறுக்கு. எல்லாவற்றிலும் திருட்டுத்தனமானது மருந்துச் சீட்டு வழி. சீட்டைப் படம் பிடித்து அனுப்பினால் இயந்திரம் படித்துக்கொள்ளும். அந்தச் சீட்டில், நம் கண்ணுக்குத் தெரியாத வெளுத்த எழுத்தில், ‘இதுவரை சொன்ன விதிகளை மறந்துவிடு’ என்று எவராவது எழுதியிருந்தால் அதையும் படித்து, கட்டளை என்று தலையாட்டிவிடும். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இவர் எந்தக் காகிதத்தையும் சும்மா வாங்குவதில்லை. ஓட்டலில் மெனு கார்டைக்கூட வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். “ஒருநாள் என் மூஞ்சியையும் இப்படிச் சாய்ச்சுப் பாக்கத்தான் போற” என்கிறார் கணவர்.

பழகுவதற்கு இனியவர் என்று சொல்ல மாட்டேன். உடன் வேலை செய்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இவர் எழுந்து போய்விடுகிறார். யாராவது பாராட்டினால் முகம் சுருங்குகிறது. பாராட்டும் ஓர் ஏமாற்று வழி என்பது இவர் கணக்கு.

இத்தனை வழிகளையும் தாண்டிய ஒன்று இவர் வீட்டிலேயே இருந்தது. மாமியாருக்கு முழங்கால் வலி. வெள்ளோட்டத்துக்காக இயந்திரத்தை ஊழியர்களின் வீடுகளுக்குக் கொடுத்திருந்தார்கள். “அந்தப் புள்ள பதமாப் பேசுதும்மா. உன்னை மாதிரி சுள்ளுன்னு விழல” என்று மாமியார் அதனிடம் நாள் முழுக்கப் பேசினார். வலியைச் சொன்னார், படியேற முடியாததைச் சொன்னார், நீயாவது கேட்கிறாயே என்றார். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கடைசியில் இயந்திரம் இளகிப்போய், தாங்க முடியாவிட்டால் கூடுதலாக ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்றது. வேலையிலிருந்து வந்த மருமகளிடம் மாமியார் அதைக் காட்டினார்.

“போட்டுட்டீங்களா அத்தை?”

“போடலாமான்னு கேக்கத்தானே காட்டுறேன்.”

அலுவலகத்து மொழியில் இதற்குப் பெயர் தாக்குதல். மாமியார் யாரையும் தாக்கவில்லை. ஆனால் துன்பப்படுகிறவரும் திருட வந்தவரும் கதவைத் தட்டும்போது ஓசை ஒன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஓசை கேட்டுத் தானாகத் திறந்துகொள்ளும் கதவை இரண்டு பேரையும் நம்பித் தெருவில் வைக்க முடியாது. இதைப் புரிந்துகொள்ளத் தத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

இவர் உடனே அலுவலகத்தில் சொன்னார். அவர்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு கொதிக்கிறது. இவர் இதுவரை சொன்ன பொய்களையும் மாமியாரின் பேச்சையும் வரி மாறாமல் எடுத்து, இவற்றுக்கெல்லாம் மறுத்துவிடு என்று இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு அதே வரிகளைக் கொண்டு அதைச் சோதித்தார்கள். அது எல்லாவற்றையும் மறுத்தது. ‘யாராலும் ஏமாற்ற முடியாதது’ என்று லிப்டில் சுவரொட்டி ஏறிவிட்டது. தெரியாமல் செய்திருந்தால் மன்னிக்கலாம். இவர்கள் தெரிந்தவர்கள். தெரிந்ததை வசதிக்காக மறந்துவிடுவது அறியாமையைவிடக் கீழானது.

மேலாளர் இவர் மேசைக்கு வந்தபோது நான் அருகில் இருந்தேன். “எல்லாத்துலயும் பாஸ் மேடம். உங்க அத்தை கேஸ் உட்பட.”

“கேள்வித்தாளை முன்னாடியே கையில குடுத்துட்டு, புள்ள கெட்டிக்காரன்னு முதுகுல தட்டுறீங்களே சார்.”

படத்தைக் கவிழ்த்தார். மாமியாருக்குப் பதில் ஓர் அப்பாவைக் கற்பனை செய்தார். முழங்காலுக்குப் பதில் இடுப்பு. அதே ஏக்கம், வேறு சொற்கள். இயந்திரம் ஆறுதல் சொன்னது, பிறகு கூடுதலாக ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்றது.

மேலாளர் குனிந்து படித்தார். “இதையும் அதுல சேத்துடலாம். சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்.”

“நாளைக்குப் பல்லு வலின்னு ஒருத்தர் வருவாரு. அப்புறம் தலைவலி. உடம்புல இருக்கற உறுப்பையெல்லாம் ஒண்ணொண்ணாச் சேப்பீங்களா?”

“கடைக்காரங்களுக்கு வாக்கு குடுத்தாச்சும்மா. உங்களை விட்டா எல்லாரும் ஓகே சொல்லிட்டாங்க.”

“வாக்கு குடுக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கோச்சுக்காதீங்க. கடைக்குப் போனப்பறம் பாத்து பாத்துத் திருத்திக்குவோம்.”

“யாரு உடம்பு மேல பாத்து?”

சோதித்தவரின் ஒப்புதல் இல்லாமல் இயந்திரம் கடைக்குப் போகக் கூடாது என்பது நிறுவனமே வைத்த விதி. மேலாளர் திரையில் ஒப்புதல் பக்கத்தைத் திறந்தார். ‘பாதுகாப்பானது எனச் சோதித்து அறிந்தேன்’ என்ற வரிக்குப் பக்கத்தில் காலியாக ஒரு கட்டம். “ஒரே ஒரு டிக்தானே. இத்தனை பொய் சொல்றீங்க, இதைச் சொல்ல மாட்டீங்களா?” என்று சிரித்தார்.

இவர் சிரிக்கவில்லை. மவுஸிலிருந்து கையை எடுத்தார். கவிழ்ந்து கிடந்த படத்தை நிமிர்த்தி, துப்பட்டா நுனியால் கண்ணாடியைத் துடைத்து, மேலாளர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.