அதே கையால்

2021 டிசம்பர் 11, சனிக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். யன்னலுக்கு வெளியே வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே ஒரு பாகை காட்டியது. மனைவியை நிறுத்துக் குறித்தேன்: 54.6 கிலோ. வியாழன் டயாலிசிஸ் முடிந்தபோது 52.9. இரண்டு நாட்களில் உடம்பில் தங்கிய நீர் ஒன்று தசம் ஏழு. இரத்த அழுத்தம் 148க்கு 86. அவளுக்கு இரண்டு துண்டு பாண், உப்பில்லாத பட்டர். எனக்கு ஓட்ஸ். 6.22 பஸ். 6.50க்கு டயாலிசிஸ் பிரிவின் வாசலில் அவளை விட்டேன். கொரோனாக் காலம் என்பதால் துணைக்கு வருபவரை உள்ளே விடுவதில்லை. 11.30க்கு அழைத்துப் போக வருவதாகச் சொன்னேன். அவள் முகக்கவசத்துக்கு மேலே கண்ணால் சரி என்றாள்.

என் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். இனி எழுதுவது அதில் இல்லை. அன்று மாலை பேனாவை எடுத்தேன், காலையில் எழுதியதற்குக் கீழே மேற்கொண்டு ஒன்றும் எழுத வரவில்லை.

மனைவி இரண்டு வருடங்கள் கழித்து ஒரு செப்டெம்பரில் இறந்தாள். கடைசிவரை சிறுநீரகம் கிடைக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு நீரிழிவு, என்னுடையதை எடுக்க முடியாது என்று முதல் மாதமே சொல்லிவிட்டார்கள். ஆகவே யாரோ ஒருவர் இறந்தால்தான் அவளுக்குக் கிடைக்கும் என்ற நிலை. அப்படிக் காத்திருந்தவளின் கணவனாகிய நான், அந்தக் குளிர்காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

கையெழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இலையுதிர்காலத்தில் சுவிஸ் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை மாற்றியிருந்தது. அதுவரை, இறந்தவரின் உறுப்புகளை எடுப்பதற்கு அவர் முன்பே சம்மதித்திருக்க வேண்டும், இல்லையென்றால் குடும்பம் சம்மதிக்க வேண்டும். இனிமேல், வேண்டாம் என்று பதிந்து வைக்காத எல்லோரும் சம்மதித்தவர்களாகக் கொள்ளப்படுவார்கள். குடும்பம் மறுக்க இடமிருந்தது. ஆனால் வாயைத் திறக்க வேண்டியவர்கள் அவர்கள். நூறு நாட்களுக்குள் ஐம்பதாயிரம் பேர் கையெழுத்திட்டால் இப்படியான சட்டத்தை எதிர்த்து மக்கள் வாக்குக்குக் கொண்டுவரலாம். துன் நகரத்தில் அப்படிக் கையெழுத்துச் சேர்த்த எங்கள் மேசைக்குப் பின்னால் கட்சி எதுவும் இல்லை. நான், எங்கள் கீழ்மாடியில் இருந்த ஓய்வுபெற்ற மருத்துவிச்சி, அவருடைய தேவாலயத்தைச் சேர்ந்த இரண்டு விவசாயிகள். அவ்வளவுதான்.

மருத்துவிச்சி அம்மா, தலைநகர் பேர்னில் இருப்பவர்கள் வைத்தியத்தைப் பற்றி எதை எழுதினாலும் எதிர்த்தே வாக்களிப்பவர். ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வெளியே எடுத்த கை என்று தன் கையைக் காட்டுவார். தடுப்பூசி போடவில்லை. நானும் மனைவியும் போட்டிருந்தோம். அதைப் பற்றி அவரோடு கதைப்பதில்லை. அவர் தன் சுவிஸ் மலைநாட்டுப் பேச்சில் சொல்வதை என் பேச்சில் எழுதினால் இப்படி வரும்:

“நான் வரி கட்டுறன், நாயைப் பதியிறன், குப்பைப் பைக்கும் காசு குடுக்கிறன். ஈரலைப் பதிய மறந்துபோனன் எண்டதுக்காக எடுத்துக்கொண்டு போவினமோ?”

வழியால் போகிறவர்கள் சிரித்துவிட்டு நிற்பார்கள். நின்றவர்களுக்கு நான் தாளை நீட்டுவேன். ஒரு தாளில் ஒரு நகரசபையைச் சேர்ந்தவர்கள் மட்டுமே கையெழுத்திடலாம். துன்னுக்கு ஒரு பலகை, ஸ்டெஃபிஸ்பூர்க்குக்கு ஒன்று, ஸ்பீட்ஸுக்கு ஒன்று என்று மூன்று நிறக் கவ்விகளோடு வைத்திருந்தேன். பிறந்த திகதியை எழுத மறந்தவரைத் திருப்பிக் கூப்பிட்டு எழுதவைப்பேன். என் தாள்கள் பிழையில்லாமல் போகும் என்பது எங்கள் மேசையில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு இதில் என்ன என்று கேட்பார்கள். மன்னாரில் என் அண்ணன் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் கொண்டுபோகப்பட்டான். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு அலுவலகம் அம்மாவைக் கூப்பிட்டது. இவ்வளவு காலமாகத் தகவல் இல்லை, ஆகவே இறந்தவர் என்று பத்திரம் தருகிறோம், இதில் ஒப்பமிடுங்கள் என்றது. அம்மா ஒப்பமிடவில்லை. ஒருவன் பேசாமல் இருப்பதைத் தங்களுக்கு வசதியான பதிலாக எழுதிக்கொள்ளும் அலுவலகங்களை அன்றிலிருந்து எனக்குத் தெரியும். சுவிஸ் அப்படியான நாடு இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் அரசாங்கம் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று நினைக்கிறவன் நான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அன்று எனக்கு விடுமுறைச் சனி. ஹோட்டலில் காலை உணவைப் பார்ப்பவனுக்கு மாதத்தில் இரண்டு சனிதான் கிடைக்கும். 8.30க்கு ஆற்றுப் பாலத்தடியில் மேசையைப் போட்டோம். பத்து மணியளவில் ஒரு தமிழ்ப் பொடியன் நின்றான். பொடியன் என்றாலும் நாற்பது வயது. வைத்தியசாலையில் துப்புரவு வேலை. தாளை மேலும் கீழும் பார்த்தான்.

“என்னண்ணை, அக்கா அங்க கிட்னிக்குப் பாத்துக்கொண்டிருக்கிறா. நீங்கள் இஞ்ச நிண்டு குடாதேங்கோ எண்டு கையெழுத்து வாங்குறியளோ?”

“குடாதேங்கோ எண்டு இல்லைத் தம்பி. கேட்டுப்போட்டு எடுங்கோ எண்டு.”

“செத்தவனை எழுப்பியோ கேக்கிறது?”

“உயிரோட இருக்கேக்க கேக்கலாம்தானே.”

“உங்களுக்கு விசர். அக்கா இதுக்கு ஓமோ?”

“அவவும் கையெழுத்துப் போட்டவ” என்றேன்.

அவன் தலையைச் சொறிந்தான். “நான் போட ஏலாதண்ணை. என்னட்டை இன்னும் சீ விசாதான். சிவப்புப் பாஸ்போட் வந்தாப் பிறகு வந்து உங்களோட சண்டை பிடிக்கிறன்” என்று சொல்லிவிட்டுப் போனான். மருத்துவிச்சி அம்மா என்ன சொன்னான் என்று கேட்டார். சுவிஸ் குடியுரிமை இன்னும் கிடைக்காததால் தனக்கு வாக்குரிமை இல்லை என்று சொன்னான் என்றேன்.

அவவும் போட்டவ. அது உண்மையில்லை. அப்போது எனக்கு அது பொய்யாகவும் தெரியவில்லை.

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுப் பத்திரங்களை நிரப்புவது நான். அகதி முகாமில் தொடங்கியது. அவள் பேனாவை என் பக்கம் தள்ளி, “நீங்களே போடுங்கோ” என்பாள். பிறகு வரி, காப்புறுதி, வாடகை, வாக்குச் சீட்டு. எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் எல்லாம் இப்படித்தான். குடும்பத்துக்கு ஒரு கை எழுதும். அவள் டொச், அதாவது ஜேர்மன் மொழி, நன்றாகவே பேசுவாள், முதியோர் இல்லத்தில் பதினாறு வருடம் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை செய்தவள். ஆனால் கடிதம் என்று வந்தால் பார்க்கமாட்டாள். ஒக்டோபரில் ஒரு ஞாயிறு பிற்பகல் சமையலறை மேசையில் துன் தாளை எடுத்து, எட்டாவது வரியில் என் பெயரையும் ஒன்பதாவது வரியில் அவள் பெயரையும் எழுதினேன். இரண்டுக்கும் கையெழுத்திட்டேன். அவள் அதே மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து மல்லித்தழை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

11.30க்கு அவளை அழைத்து வந்தேன். அன்று அவளுக்குத் தலைச்சுற்று. சாப்பிட்டுவிட்டு வரவேற்பறையில் கம்பளிப் போர்வையோடு சாய்ந்திருந்தாள். நாலரைக்கு வாசல் மணியடித்தது. மருத்துவிச்சி அம்மா. மனைவிக்குத் தொற்று வந்துவிடக் கூடாது என்று அவர் எப்போதும் வாசலுக்கு வெளியே, கைப்பிடிச் சுவரோரம் முகக்கவசத்தோடுதான் நிற்பார். கையில், நகரசபை சரிபார்த்துத் திருப்பி அனுப்பிய தாள்களின் பிரதி.

“எங்கட கணக்கப்பிள்ளைக்கும் பிழைக்குமோ? இஞ்ச பார்” என்று சிரித்தார். “ஒன்பதாவது வரியை வெட்டிப்போட்டினம். அதே கையால் எழுதியதாம். உன்ர ஏழு அப்பிடியே இருக்குது, நடுவில கோடு போட்ட ஏழு. சட்டப்படி குற்றம், தெரியுமோ? பயப்பிடாதை, வெட்டுறதோட விட்டிட்டினம்.” பிறகு அந்த வரியில் இருந்த பெயரைச் சத்தமாக வாசித்தார். முழுப் பெயர், பிறந்த திகதி. “அவவை ஒருக்கா இதில போடச் சொல்லு. இன்னும் நாள் இருக்குது.” ஒரு புதிய தாளைத் தந்துவிட்டு இறங்கிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். மனைவி நிமிர்ந்து இருந்தாள்.

“இஞ்சருங்கோ. என்ர பேரைத்தானே வாசிச்சவ?”

“ஓம்.”

“ஆர் போட்டது?”

“நான்தான். வழக்கமா நான்தானே போடுறனான்.”

“ஓம். வழக்கமா.” போர்வையை மடித்தாள். “இவ்வளவு நாளும் றோட்டில நிண்டு சனத்துக்கு என்ன சொல்லுறனீங்கள்? எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ.”

நான் சொன்னேன். கேட்காமல் எடுக்கக் கூடாது, ஒருவர் பேசாமல் இருந்தார் என்பதால் ஓம் என்று எழுதக் கூடாது. சொல்லும்போதே என் குரல் குறைந்துகொண்டு போனது எனக்குத் தெரிந்தது.

“நான் இந்த வீட்டுக்குள்ளதானே இருந்தனான்” என்றாள். “சாகவுமில்லை.”

“உமக்கு அது பிடிக்கேல்லையோ? நீர் வேண்டாம் எண்டு சொல்லியிருப்பீரோ?”

“எனக்குத் தெரியாது. கேட்டிருந்தா யோசிச்சிருப்பன்.”

அதன் பிறகு அவள் சொன்னதைச் சொல் மாறாமல் எழுத முடியும். இவ்வளவு காலத்தில் மறக்கவில்லை.

“அங்க மெசினில படுத்திருக்கேக்க ஹெலிகொப்டர் போற சத்தம் கேக்கும். ஆரோ அடிபட்டிட்டினம் எண்டு அர்த்தம். எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு சந்தோசம் வரும். உண்மையாத்தான் சொல்லுறன், சந்தோசம். பிறகு மாதாவே, மன்னிச்சுக்கொள்ளும் எண்டு கும்பிடுவன். பிறகு அடுத்த ஹெலிக்குக் காது குடுத்துக்கொண்டிருப்பன். ஒவ்வொரு செவ்வாய், ஒவ்வொரு வியாழன், ஒவ்வொரு சனி. எனக்கு ஒரு பிள்ளையின்ர கிட்னி வந்தா, அந்தப் பிள்ளையின்ர தாய் ஓம் எண்டு சொன்னவவோ, இல்லாட்டிப் பேசாமல் இருந்தவவோ எண்டு நான் யோசிக்காத நாள் உண்டோ? இதைப் பற்றி இந்த நகரத்தில ஆருக்காவது கதைக்க இருந்ததெண்டா அது எனக்குத்தான். நீங்கள் ஊரில எல்லாரையும் மறிச்சு மறிச்சுக் கேட்டனீங்கள்.”

அவள் அழவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவள், “குளிசை நேரமாகுது, தாங்கோ” என்றாள். ஐந்து மணி மருந்துக் குளிசைகளைக் கொடுத்தேன். மருத்துவிச்சி அம்மா தந்த தாள் மேசையில் கிடந்தது. இருவரும் அதைத் தொடவில்லை. ஆறரைக்கு அவள் படுத்துவிட்டாள்.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கையெழுத்துகள் போதுமான அளவு சேர்ந்தன. மே மாதம் நாடு வாக்களித்தது. நான் எதிர்த்து வாக்களித்தேன், தோற்றோம். சட்டம் வென்றது. ஆனால் அவள் இறந்தபோது அது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. ஆகவே எங்கள் மேசை அவளிடமிருந்து எதையும் பறிக்கவில்லை என்று எனக்கு நானே பலமுறை விளக்கியிருக்கிறேன். விளக்கம் சரியானது. ஆனால் அந்த விளக்கத்தால் எனக்கு ஒரு இரவும் நல்ல நித்திரை வந்ததில்லை. அந்த மே வாக்கில் அவள் தன் சீட்டைத் தானே எழுதி, தானே ஒட்டி, தானே தபாற்பெட்டியில் போட்டாள். பெட்டிவரை நானும் அவளோடு நடந்து போனேன். என்ன எழுதினாள் என்று அவள் சொல்லவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை. அன்று கேட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். கேட்டால் சொல்லியிருப்பாள்.

அந்தச் சனிக்குத் திரும்புகிறேன். அவள் படுத்த பிறகு சமையலறையில் இருந்தேன். ஒரு மனிதர் வாயைத் திறக்காவிட்டால் அவர் என்ன நினைக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது என்று வாரக்கணக்காகப் பேசியவன் நான். அவள் என்ன நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரியும் என்று ஒரு நாள்கூடச் சந்தேகப்பட்டதில்லை. அவளுடைய எடை தெரியும், அழுத்தம் தெரியும், பொட்டாசியம் தெரியும். ஹெலியைப் பற்றித் தெரியாது.

மறுநாள் ஞாயிறு. 6.10க்கு எழுந்தேன். முதலில், என் அலுமாரியிலிருந்து அவள் பெயர் போட்ட கோப்பை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் அவள் இருக்கும் பக்கத்தில் வைத்தேன். அவள் எழுந்து வந்து பார்த்தாள்.

“இதென்ன?”

“உம்மட கடிதங்கள். என்ன செய்யவேணும் எண்டு நீரே சொல்லும்.”

ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியலில் அவளைச் சேர்த்தபோது வந்த கடிதத்தில் நிறுத்தினாள். அது வந்த நாளில், எல்லாம் சரியாம், பேர் பதிஞ்சாச்சாம் என்று மட்டும் அவளுக்குச் சொல்லியிருந்தேன். இரண்டு பக்கக் கடிதம்.

“இதை முழுக்க வாசியுங்கோ. விடாமல்.”

வாசித்தேன். ஒவ்வொரு வசனமாக, முதலில் டொச்சில், பிறகு தமிழில். முதற்பக்கத்தின் நடுவில் அவள் கையை உயர்த்தினாள்.

“எனக்கு முன்னால எத்தனை பேர் எண்டு போட்டிருக்கோ?”

“அப்பிடி வரிசை இல்லையாம். வாற சிறுநீரகம் ஆருக்குப் பொருந்துதோ, ஆருக்கு அவசரமோ, அதுதானாம்.”

“அப்ப இவ்வளவு நாளும் நான் முன்னுக்குப் போய்க்கொண்டிருக்கேல்லையோ?”

“இல்லை.”

நான் நிறுத்திய இடத்தில் விரலை வைத்து, “மிச்சத்தையும் வாசியுங்கோ” என்றாள்.