மார்க்கில் கடன், பவுணில் வாடகை

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் மேற்கு லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் இருந்தோம். எனக்கு விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் இடத்தில் வேலை. கணவருக்குக் கிழக்கே பார்க்கிங் என்ற ஊரில் ஒரு கணக்காளரிடம் வேலை. அவர் லண்டனின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ரயிலில் போய்வந்தார். இரண்டு பிள்ளைகளும் நாங்களும் ஒரே அறையில் படுத்தோம்.

என் அண்ணை ஜெர்மனியில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருந்தார். லண்டனில் ஒரு வீடு வாங்கி விட வேண்டும், மகளை இங்கிலிஷில் படிப்பிக்க வேண்டும், கடைசிக் காலத்தில் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதுவரை நாங்கள் அதில் வாடகைக்கு இருக்கலாம் என்றார். கிழக்கு லண்டன் மனோர் பார்க்கில் முருகன் கோயிலுக்குக் கிட்ட ஒரு வீட்டை நான்தான் தேடிப் பிடித்தேன்.

அண்ணை வந்து பார்த்தார். பிறகு எங்கள் அறைக் கட்டிலில் இருந்துகொண்டு கணவரோடு கதைத்தார். வாடகை பவுணில் வரப்போகிறது, ஆகவே கடனையும் இங்கேயே பவுணில் எடுங்கோ, வட்டி கூடத்தான், ஆனால் வரவும் செலவும் ஒரே காசில் இருக்கும் என்று கணவர் சொன்னார். அண்ணைக்கு அது சரிவரவில்லை. லண்டன் வட்டி கொள்ளை வட்டி, தன்னுடைய ஊர் வங்கி ஜெர்மன் மார்க்கில் குறைந்த வட்டிக்குத் தருகிறது, ஒரு பவுணுக்கு மூன்று மார்க் என்பது பெரிதாக அசைவதே இல்லை என்றார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

“நீ என்ன சொல்றாய்?”

எனக்கு அந்த வீட்டில் தனியாகச் சமைக்கக் கிடைக்கும் குசினிதான் கண்ணுக்குள் நின்றது. “உங்களுக்கு எது லாபமோ அதைச் செய்யுங்கோ அண்ணை” என்றேன்.

அண்ணை மார்க்கில்தான் கடன் எடுத்து வீட்டை வாங்கினார், நாங்கள் அதில் குடிபோனோம். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பவுணின் மதிப்பு விழுந்தது. செய்தியில் அதைக் காட்டியபோது கணவர் எழும்பிப் போய் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். எங்கள் வாழ்க்கையில் ஒன்றும் மாறவில்லை. அதே வீடு, அதே வாடகை. ஆனால் அந்த வாடகை ஜெர்மனிக்குப் போய்ச் சேரும்போது முன்னைவிட மார்க் குறைந்தது. வங்கிக்கு அண்ணை கட்ட வேண்டியதோ குறையவில்லை. வீட்டு விலைகளும் அதற்கு முன்பே இறங்கியிருந்தன.

அண்ணை ஒரு வார்த்தை முறையிடவில்லை. அடுத்த வருடம் அவருடைய மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு ஜெர்மனிக்குப் போனபோதுதான் நிலைமை எனக்கு விளங்கியது. அவர் சனி, ஞாயிறுகளில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினார். அண்ணி விடியுமுன்னமே அலுவலகங்கள் துப்புரவாக்கப் போனார். பலகாரம் அடுக்கிக்கொண்டிருக்கும்போது அண்ணி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “உங்கட வாடகை பிந்தாமல் வருது மச்சாள், குறை சொல்ல ஏலாது. இஞ்ச வந்து சேரேக்கதான் சுருங்கிப்போகுது.”

லண்டனுக்குத் திரும்பி வந்ததும், அண்ணை கேளாமலே வாடகையைக் கூட்டினோம். அது போதவில்லை. மேலும் இரண்டு வருடம் இழுத்துப் பார்த்துவிட்டு அவர் வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். யாரோ பிறத்தியாருக்குப் போவதைவிட நீங்களே எடுங்கோ என்றார். வீட்டு ஏஜென்ட் சொன்ன விலையில் ஒரு பென்ஸ் குறைக்காமல் வாங்கினோம். கணவர் கடனைப் பவுணில்தான் எடுத்தார். அண்ணையின் கைக்குப் போன காசு மார்க்காக மாறியது, பவுண் படுமோசமாக விழுந்துகிடந்த நேரத்தில். வீடு கையை விட்டுப் போனபிறகும் அவருக்கு வங்கியில் மிச்சக் கடன் நின்றது. லண்டனுக்கு வரும் கதையை அவர் அதன்பிறகு எடுக்கவே இல்லை.

மூன்று வருடத்துக்குள் எல்லாம் தலைகீழாகியது. எங்கள் தெருவில் வீட்டு விலை ஏறியது. பவுணும் திரும்ப மூன்று மார்க்குக்குக் கிட்ட வந்தது. அண்ணை இன்னும் கொஞ்சம் தாக்குப் பிடித்திருந்தால் இரண்டு பக்கத்தாலும் தப்பியிருப்பார். நாங்கள் நியாயமான விலைக்குத்தான் வாங்கினோம் என்று கணவர் சொல்வார். உண்மைதான். ஆனால் குசினியில் நின்று தேத்தண்ணி ஊற்றும்போதெல்லாம் அண்ணை கழுவிய கோப்பைகள் எனக்கு ஞாபகம் வரும்.

ஒருநாள் போன் எடுத்து, ஏறின விலையில் ஒரு பங்கு அனுப்பப் போறன் என்று அண்ணையிடம் சொன்னேன். அவர் திருப்பிக் கேட்டார்:

“விலை இறங்கியிருந்தா நட்டத்துக்கு என்னட்டை வந்து கேட்டிருப்பியே?”

“இல்லை.”

“அப்ப இதையும் விடு.”

அதற்குள் அண்ணி போனை வாங்கிவிட்டார். “அவர் வேண்டாம் எண்டுதான் சொல்லுவார். நீங்கள் அனுப்புங்கோ, நான் வாங்குவன்” என்றார். பின்னால் அண்ணை ஏதோ கோபமாகச் சொல்வது கேட்டது.

கணவரோடு ஒரு கிழமை இழுபட்டு, கடைசியில் ஒரு தொகை அனுப்பினேன். அதில் வங்கியின் மிச்சக் கடன் முடிந்தது என்று அண்ணி சொன்னார். அண்ணை பல மாதம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு கதைத்தார், வீட்டைப் பற்றி மட்டும் விசாரிப்பதில்லை. கூரை ஒழுகியதையோ பின்பக்கத்தைத் திருத்திக் கட்டியதையோ நானும் அவருக்குச் சொன்னதில்லை.