முன் வரிசையில் ஒரு டிக்கெட்

ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் சினிமாப் பேச்சு வரும். இரண்டாம் பாகம் முதல் பாகம் அளவுக்கு இருக்கிறதா இல்லையா என்று சின்னப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருப்பார்கள். அந்தப் பேச்சு வந்தால் நான் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவேன். திமிர் பிடித்த கிழவி என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

எழுபதுகளின் கடைசி. நாங்கள் செந்தூலில் ரயில்வே குவாட்டர்ஸில் மாடி வீட்டில் இருந்தோம். தண்டவாளத்திலிருந்து இறங்கிப்போன பெட்டிகளைத் தூக்கி மறுபடி ஏற்றிவைக்கும் கூட்டத்தில் அப்பா வேலை செய்தார். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் படித்தவர். தமிழ் மட்டும்தான் வாசிப்பார். மலாய் பேசுவார், எழுத்து தெரியாது. இங்கிலீஷ் படத்துக்குப் போனால் திரையில் கீழே ஓடும் மலாய் எழுத்தை நான் படித்து, தமிழில் அவர் காதில் சொல்ல வேண்டும். எங்கள் குவாட்டர்ஸில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லோரும் செய்த வேலைதான் இது.

அப்படிப் பார்த்ததுதான் அந்த முகமூடிக்காரன் படத்தின் முதல் பாகம். எனக்குப் பன்னிரண்டு வயது. முகமூடிக்காரன் கவிழ்ந்து கிடந்த சரக்குப் பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தான். அப்பா சீட்டிலிருந்தே எழுந்துவிட்டார்.

"எட்டு பேரு, ஜாக்கி வச்சு, ஒரு நாள் பூரா தூக்குவோம்டி! இவன பாரு!"

பின்னால் யாரோ "ஷ்ஷ்" என்றார்கள். "புள்ள படிக்குதுலா, கொஞ்சம் பொறு" என்று அவர்களையே அடக்கினார்.

மறுநாள் ஞாயிறு. மாடிப்படிக்குக் கீழே பழைய தண்டவாளக் கட்டையில் செய்த பெஞ்சு ஒன்று கிடக்கும். ஞாயிறு காலையில் ஆண்கள் அங்கேதான் உட்காருவார்கள். அப்பா அங்கே நின்றபடி படம் முழுவதும் சொன்னார். சண்டையைக் கையால் காட்டினார், இசையை வாயால் போட்டார். வேலையில் எல்லோரும் அவரை அதட்டுவார்கள். வீட்டில் அம்மா பேச்சுதான் பேச்சு. அவர் வாயைத் திறந்ததும் பத்துப் பேர் சும்மா இருந்தது அந்தப் பெஞ்சில் மட்டும்தான். படம் சொல்வதற்காகவே அவர் படம் பார்த்தார்.

நாலு வருஷம் கழித்து இரண்டாம் பாகம் வந்தது. நான் டவுனில் பெண்களுக்கான பெரிய பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்த மூன்று பேரோடு போவதாக முடிவு செய்திருந்தேன். அதில் ஒருத்திக்கு வீடு பிரிக்பீல்ட்ஸில், யாழ்ப்பாணத்துக்காரி, அவள் அப்பா அரசாங்கத்தில் பெரிய கிளார்க். வீட்டில் இங்கிலீஷ்தான் பேசுவார்கள். அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்: "அப்பா கூட வந்தா போ. இல்லாட்டி வேணாம்."

அப்பா காலையிலேயே தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிட்டார். தீபாவளிச் சட்டையும் வேலைக்குப் போடும் காக்கிக் கால்சட்டையும் போட்டிருந்தார். கையில் கடலைப் பொட்டலம். மினி பஸ்ஸில் நான் முன்னால் போய் நின்றுகொண்டேன். தியேட்டர் வாசலில் இறங்கியதும், "நீங்க இங்கயே நில்லுங்கப்பா, நான் வாங்கிட்டு வரேன்" என்றேன்.

கவுண்டரில் சீனப் பெண்மணி சீட்டு வரைந்த காகிதத்தை வைத்துக்கொண்டு விற்ற சீட்டைச் சிவப்புப் பென்சிலால் அடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் நாலு சீட்டு கேட்டேன். முன் வரிசையில் ஒன்று கேட்டேன்.

"இங்கேயே பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதே, வேண்டாமா?" என்று மலாயில் கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.

அப்பாவிடம், "சேர்ந்த மாதிரி சீட்டு இல்லப்பா" என்றேன்.

"பரவால்லம்மா. முன்னாடினா இன்னும் பெருசா தெரியும்லா" என்றார். கடலையில் பாதியை என் கையில் கொட்டிவிட்டு உள்ளே போனார்.

"யாரு அந்த அங்கிள்?" என்று, மற்ற இருவரோடு அப்போதுதான் வந்து சேர்ந்த பிரிக்பீல்ட்ஸ்காரி கேட்டாள். கேலி செய்யவில்லை, சும்மாதான் கேட்டாள்.

"பக்கத்து வீட்டு அங்கிள்" என்றேன்.

என் பக்கத்து சீட்டில் கடைசிவரை யாரும் வந்து உட்காரவில்லை. படம் ஓடும்போது அப்பா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து செருப்பைத் தேடுவது போல் தேடினேன்.

படம் நல்ல படம். இன்னொருவன் அதே முகமூடியைப் போட்டுக்கொண்டு கொள்ளையடிக்கிறான், கொலை செய்கிறான். ஊரே நிஜமானவனைத்தான் திட்டுகிறது. கடைசியில் போலி கோபுரத்திலிருந்து விழுந்து சாகிறான். நிஜமானவன் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு யாருக்கும் தெரியாமல் நடந்து போகிறான். இதெல்லாம் பேச்சில்தான் புரியும். எழுத்துப் படிக்காதவனுக்கு இரண்டு பேரும் ஒரே ஆள்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, அவன் நல்லவன்தானே? ஏன் பேங்க கொள்ளையடிச்சான்?"

"கெட்டவனாயிட்டாம்ப்பா."

"கடைசில விழுந்து செத்தது?"

"அவன்தான்."

"ச்சே." மறுபடி என் பக்கம் திரும்பினார். "அப்ப நடந்து போனானே, அது யாரு?"

"அவன் தம்பி" என்றேன். எப்படியாவது அவர் வாயை மூட வேண்டும் என்று அந்த நேரத்தில் தோன்றியதைச் சொன்னேன்.

மறுநாள் ஞாயிறு காலையில் நான் மாடியில் மூங்கில் கழியில் துணி கோத்துக்கொண்டிருந்தேன். கீழே அப்பா ஆரம்பித்துவிட்டார். பெஞ்சு நிறைந்திருந்தது. முகமூடிக்காரன் கெட்டுப்போனதைச் சொல்லும்போது அவர் குரலே உடைந்தது. கடைசியில், "அப்புறம் அவன் தம்பி ஒருத்தன், பாவம், தனியா நடந்து போறான்" என்றார்.

வொர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்த ஃபிட்டர் ஒருவன் படத்தைப் பார்த்திருந்தான்.

"தம்பியா? எந்தத் தம்பிண்ணே? செத்தவன் டூப்ளிகேட்டு. நடந்து போறவன்தான் நம்மாளு. நீங்க படம் பாத்தீங்களா, போஸ்டர பாத்தீங்களா?"

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது.

"உங்க மக படிச்சு சொல்லுமே. அது பக்கத்துல இல்லயா?" என்று இன்னொருவர் கேட்டார்.

 நான் ஈரத் துணியைப் பிடித்தபடி நின்றேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பா தப்பித்துவிடுவார்.

"பக்கத்துலதான் இருந்துச்சு" என்றார். "நல்லாதான் சொல்லுச்சு. நான்தான் பாதில தூங்கிட்டேன்."

கீழே போக பதினாறு படி. இறங்கிப் போய், 'நான்தான் பொய் சொன்னேன், எங்கப்பா தூங்கவில்லை' என்று கத்தியிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் எதற்கெடுத்தாலும் சண்டைக்குப் போகிறவள் நான். அன்றைக்குத் துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன்.

மாசக்கணக்கில் அவரை அதையே சொல்லிக் கிண்டல் செய்தார்கள். "என்னண்ணே, தம்பி சௌக்கியமா?" அவரும் சேர்ந்து சிரிப்பார். பெஞ்சுக்குப் போனார், உட்கார்ந்தார், மற்றவர்கள் சொல்வதைக் கேட்டார். படம் மட்டும் சொல்லவே இல்லை.

அந்த ஞாயிறு பெஞ்சிலிருந்து மேலே வந்தவர் என்னைத் திட்டவில்லை. தேத்தண்ணி கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"முதல் படம் மாதிரி வராதுலா, இல்லம்மா?"

"ஆமாப்பா" என்றேன்.

இரண்டாவதுதான் நல்ல படம்.