புயலறையில் வைத்த சிலிண்டர்

என் தம்பி ஃப்ளோரியன் கொங்கோல் முப்பத்தொரு வருடம் காகித ஆலையில் பம்புகளைப் பழுது பார்த்தான். கூழ்த் தொட்டிக்குள் ஆட்கள் இறங்குவதற்கு முன் உள்ளே காற்று சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் அவன் வேலை. மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்குவான். முள்ளைப் பார்ப்பான். அவன் தலையசைத்த பிறகே மற்றவர்கள் இறங்குவார்கள். அப்படி இறங்கியவர்களில் ஒருவரைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்ததில்லை. விஸ்கான்சினில் எங்கள் தேவாலயத்து வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். இன்னும் சொல்வேன்.

அப்படிப்பட்டவன்தான் அந்தச் சிலிண்டரைப் புயலறையில் வைத்தான். வைக்கச் சொன்னவள் நான்.

புயலறை என்பது நிலவறையை ஒட்டி, வாசல் வராந்தாவுக்கு நேர் கீழே, இன்னும் இரண்டு படி இறங்கிப் போகிற சிறிய அறை. நான்கு பக்கமும் கான்கிரீட், ஜன்னல் கிடையாது. உருளைக்கிழங்கு மூட்டையும் முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடியும் அங்கேதான் இருக்கும். சூறாவளிச் சங்கு ஊதினால் எல்லோரும் அங்கே இறங்கிக் கதவைச் சாத்திக்கொள்வோம். பிப்ரவரியில் கோயிலில் மந்திரித்து வாங்கிய மெழுகுவர்த்தியை அம்மா அங்கே ஏற்றுவாள். மணல் நிரப்பிய காப்பி டப்பாவில் அது இன்னும் நிற்கிறது.

ஃப்ளோரியன் இருபது வருடமாக வீட்டில் பீர் காய்ச்சுகிறான். எல்லாம் பாட்டிலில்தான். போன வருடம் இரண்டு கை விரல்களும் கணுக்கணுவாக வீங்கிவிட்டன. பாட்டிலுக்கு மூடி அழுத்தும் கருவியை அவனால் அமுக்க முடியவில்லை.

"முடியலன்னா விட்டுடேன்," என்றாள் அவன் மனைவி மர்லிஸ். இடுப்பில் அறுவை செய்துகொண்டவள். நடை மெதுவானாலும் நாக்கு மெதுவாகவில்லை.

"குடிக்கறதுக்கு விரல் எதுக்கு? வாய் போதும்."

"வாய்க்கு உங்க குடும்பத்துல என்னிக்குக் குறைச்சல்? அண்ணி, நான் உங்களச் சொல்லல."

"என்னையும் சேத்துதான் சொல்ற," என்றேன்.

ஒரு சின்னப் பீப்பாய் வாங்கிவிடலாம் என்று முடிவானது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எதையும் எழுதி வைத்துப் பார்க்காமல் வாங்கமாட்டேன். கோடு போட்ட தாளில் பதினெட்டு வரி எழுதினேன். நிரப்பினால் எத்தனை பவுண்டு, கைப்பிடி எப்படி, மூடியின் ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்குமா, மிஞ்சிய அழுத்தத்தை விடுகிற ஊசி வேலை செய்கிறதா, குழாய் எத்தனை அடி. ஒரு கேலன் தகரப் பீப்பாய் இரண்டே நாளில் தீர்ந்துவிடும். ஐந்து கேலன் பீப்பாயை அவனால் தூக்க முடியாது. இரண்டரை கேலன் எஃகுப் பீப்பாய்தான் சரியாக வந்தது. விரலால் பிடிக்காமல் இரண்டு முழங்கைகளையும் அடியில் கொடுத்து, நெஞ்சோடு அணைத்து அதைத் தூக்கிக் காட்டினான். கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பீப்பாயிலிருக்கும் பீருக்கு நுரை ஏற்றுகிற கரியமில வாயுச் சிலிண்டரில் மட்டும் பெரியதாகப் பார்த்தான். இருபது பவுண்டு.

"சின்னது வாங்கினா குளிர்பெட்டிக்குள்ளயே நின்னுக்கும்," என்றான் தாடி வைத்த கடைக்காரன்.

"மாசா மாசம் நிரப்ப ஓடச் சொல்றியா?"

"அப்ப இத எங்க வெப்பீங்க?"

"கீழ ஒரு ரூம் இருக்கு. ஆகஸ்ட் மாசத்துலயும் குளுகுளுன்னு இருக்கும்," என்றேன் நான்.

கடைக்காரன் முகம் மாறியது. "கதவு தொறந்தே இருக்கட்டும்மா. இந்த வாயு காத்த விடக் கனம். ஒழுகுச்சுன்னா தரையில தேங்கும்."

"தம்பி, இவன் முப்பத்தொரு வருஷம் தொட்டிக்குக் காத்து பாத்தவன். இவனுக்கா பாடம் எடுக்கற?" என்றேன்.

கடைக்காரன் ரசீது எழுதினான். எங்கே வைப்பது என்பது என் பதினெட்டு வரியில் இல்லை.

ஐந்து மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சிலிண்டரைக் குளியலறைத் தராசில் நிறுத்தி எடையைக் குறித்து வைப்பேன். ஜூன் மாதம் காலியானது. ஒரு திங்கட்கிழமை ஃப்ளோரியன் அதை நிரப்பிக்கொண்டு வந்து பீப்பாய்க் குழாயோடு தானே மாட்டினான்.

"நட்ட இறுக்கிட்டியா? ஸ்பேனர நான் பிடிக்கட்டுமா?"

"இறுக்கிட்டேன் அக்கா. இதுகூடவா முடியாது எனக்கு?"

அவன் குரலைக் கேட்டு நான் விட்டுவிட்டேன். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்றும் பார்க்கவில்லை. ஊறுகாய் வாடை மேலே வருகிறது என்று மர்லிஸ் எப்போதும்போலப் புயலறைக் கதவைச் சாத்தினாள்.

செவ்வாய்க்கிழமை நான் கதவைத் திறந்ததும் எங்கள் நாய் பெப்பர் புயலறைப் படியில் இறங்கி, மூக்கை உதறிக்கொண்டு திரும்ப ஓடிவந்தது. குள்ள நாய், வயிறு தரையை உரசும். எலி இருக்கும் என்றோம். வியாழக்கிழமை உருளைக்கிழங்கு எடுக்கப் போன ஃப்ளோரியன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தான். "ரெண்டு படி ஏறினதுக்கே எரைக்குது. கிழவன் ஆயிட்டேன்." சிலிண்டரை நிறுத்துப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும். எனக்கு ஞாயிறு என்றால் ஞாயிறுதான்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. மீன் விருந்துக்குப் புறப்பட்டு நின்றோம். மேற்கு வானம் பச்சைப் பட்டாணிச் சாறு நிறத்துக்கு மாறியிருந்தது. ஒரு இலைகூட அசையவில்லை. பிறகு சங்கு ஊதியது. பக்கத்து ஊரில் சுழல் தரையைத் தொட்டுவிட்டதாக ரேடியோ சொன்னது.

இறங்கினோம். பெப்பர் ஃப்ளோரியன் கையிலிருந்து துள்ளி மேலே ஓடிவிட்டது. "போ, பறந்து போ," என்று திட்டினான். மர்லிஸைத் தரையோடு ஒட்டிய மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தோம். நான் கதவைச் சாத்திவிட்டு மேல் படியில் உட்கார்ந்தேன். அவன் மெழுகுவர்த்தியை ஏற்றித் தரையில் வைத்தான். அணைந்தது.

"அம்மா வாங்கினது. அம்மா மாதிரியே பிடிவாதம்," என்று மறுபடி ஏற்றினான். மறுபடி அணைந்தது.

"எனக்கு மூச்சு வாங்குது. ஓடி வந்த மாதிரி இருக்கு," என்றாள் மர்லிஸ்.

"நீ என்னிக்கு ஓடின?" என்றான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவனே இரண்டு முறை மூச்சு வாங்கினான்.

"இங்க குடு," என்று டப்பாவை வாங்கி, படியில் உட்கார்ந்தபடியே ஏற்றினேன். சுடர் நேராக நின்றது. "எரியுதே!" என்று சொல்லிக்கொண்டே மெல்ல அவனிடம் இறக்கினேன். அவன் முழங்கால் உயரம் வந்ததும் சுடர் திரியை விட்டு எழும்பியது. பிறகு இல்லை. புகை மேலே வரவில்லை. விரித்த துணிபோல அந்த உயரத்திலேயே படர்ந்து நின்றது.

ஃப்ளோரியன் அந்தப் புகையைப் பார்த்தான். தொட்டி வாயில் நிற்கும்போது அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"அக்கா, கதவத் தொற. குனியாத. பேசாத."

மேலே வராந்தாக் கூரையின் ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழலும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். மர்லிஸின் தாடை நெஞ்சில் விழுந்திருந்தது. ஃப்ளோரியன் படியேறி வந்து மூச்சை நிறைத்துக்கொண்டு இறங்கிக் குனிந்தான். விரல்கள் அவள் சட்டையைப் பற்றவில்லை. வெறுங்கையோடு மேலே வந்து இருமினான். இரண்டாம் முறை இரண்டு முழங்கைகளையும் அவள் அக்குளில் கொடுத்து, பீப்பாயைத் தூக்குகிற அதே பிடியில் நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான். மேல் படியில் நின்றபடி நான் அவள் இடுப்பு வாரைப் பிடித்து இழுத்தேன்.

வாயு அங்கேயும் வழிந்திருக்கும் என்று நிலவறையிலும் நிற்கவில்லை. நேரே மேலே போனோம். ஜன்னல் இல்லாத நடைவழியில் அவளைக் கிடத்தி, நாங்கள் அவள் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டோம். சமையலறைக் கண்ணாடிகள் உடைந்தன. அவள் மூச்சுகளை எண்ணினேன். நூற்று நாற்பதாவது மூச்சில் கண் திறந்தாள்.

"மீன் ஆறிப் போச்சா?" என்றாள்.

சூறாவளி வராந்தாக் கூரையையும் பக்கத்து வீட்டுத் தானியக் கொட்டிலையும் கொண்டுபோனது. மூன்று நாள் மின்விசிறி வைத்துக் காற்றை வெளியேற்றிய பிறகு ஃப்ளோரியன் புயலறைக்குள் போனான். நானும் கூடப் போனேன். வீங்கிய ஒரே விரலால் அந்த நட்டைத் தொட்டான். அது சுற்றியது.

"நான் இறுக்கினேன் அக்கா."

"தெரியும்டா."

இப்போது சின்னச் சிலிண்டர்தான். அது கார் கொட்டகையில், திறந்த கதவோரம் நிற்கிறது. பீர் முன்பைவிட நன்றாகவே வருகிறது. கீழே யார் போவதானாலும் முதலில் அவன் கம்பியில் கட்டிய மெழுகுவர்த்தியைப் புயலறைத் தரைவரை இறக்குவான். சுடர் நிற்கும். புகை மேலே வரும். தலையசைப்பான். நான் இறங்குவேன்.

இன்று நான்கு மணியிலிருந்து மேற்கு வானம் மறுபடி அந்த நிறத்தில் இருக்கிறது. ஃப்ளோரியன் இரண்டு முறை மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்த்துவிட்டு வந்து மர்லிஸ் முன்னால் தலையசைத்தான்.

"நீ தலையாட்டினா நான் எறங்கணுமா?" என்றாள் அவள். சமையலறை நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்திருந்தாள். "மேலயே இருக்கேன். கூரை போனா போகட்டும்."

அவன் ஒரு நாற்காலியை இழுத்து, ஜன்னலுக்கும் அவளுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தான். நான் இன்னொன்றை இழுத்துப் போட்டேன். சங்கு ஊதத் தொடங்கியது.